யாராக இருந்தாலும் சரி

கணக்கு வாத்தியார் கேட்பதற்கு முன்பே கை வந்துவிட்டது.

வழக்கமாக நடப்பது வேறு. திரையில் முதலில் பிள்ளையின் முகம் தெரியும். பிள்ளைக்குப் பின்னால் அறைக் கதவு விரியத் திறந்திருக்கும். "வீட்டுல பெரியவங்க இருக்காங்களா?" என்று வாத்தியார் கேட்பார். கதவுக்கு அப்பால் நிற்கும் அம்மாவோ சித்தப்பாவோ கதவு நிலையைத் தாண்டிக் கையை மட்டும் நீட்டிக் காட்டுவார்கள். வாத்தியார் பச்சைப் பொத்தானை அழுத்த, வகுப்பு தொடங்கும். கை வராவிட்டால் வகுப்பு கிடையாது. முகம் வேண்டாம், கை போதும் என்று வைத்ததற்கும் காரணம் உண்டு. வகுப்புகள் எல்லாம் பதிவாகின்றன. "அடுப்படியில இருந்து அப்படியே வந்து நிக்கிறோம், எங்க மூஞ்சியை எதுக்குப் பதிவு பண்றீங்க?" என்று பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் சண்டைக்கு வந்த பிறகு பள்ளியின் பாதுகாப்பு அலுவலர்தான் இந்த வழியைக் கண்டுபிடித்தாள்.

 பள்ளியே ஒரு நிறுவனம் மூலம் ஏற்பாடு செய்து தரும் ஆன்லைன் டியூஷனில் பிள்ளைகளுக்குக் கெடுதல் எதுவும் வராமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. கதவு திறந்திருக்க வேண்டும், பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும், பாடம் நடக்கும்போது வாத்தியாரின் செல்போன் அணைந்திருக்க வேண்டும் என்ற விதிகளை எழுதியவள் அவளே. ஆசிரியர்கள் அவளுக்குக் 'கதவு மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளுக்கும் தெரியும். அவ்வப்போது பார்வையாளராக வகுப்புக்குள் நுழைந்து, "வெளியில ஒரே சத்தமா இருக்கு சார், இன்னைக்கு மட்டும் கதவைச் சாத்திக்கலாமே" என்று வேண்டுமென்றே சொல்லிப் பார்ப்பாள். சரி என்று தலையாட்டும் வாத்தியாருக்கு மறுநாள் அர்ச்சனை நடக்கும். இந்தக் கணக்கு வாத்தியாரும் ஒருமுறை அப்படி மாட்டி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர்தான்.

எத்தனையோ கைகளைப் பார்த்திருந்தாள். வளையல் போட்டவை, மாவு ஒட்டியவை, குழந்தையைப் பிடித்துக்கொண்டே அவசரமாக ஆட்டிவிட்டுப் போகிறவை. கேட்பதற்கு முன்பே வந்த கையை இப்போதுதான் பார்க்கிறாள். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் பின்னால், வாத்தியார் வணக்கம்கூடச் சொல்லி முடிக்காத நேரத்தில், நடைவழியின் இருட்டிலிருந்து வந்த அந்தக் கை நிலையைப் பிடித்தது. மற்றவர்கள் காட்டிவிட்டு எடுத்துவிடுவார்கள். இந்தக் கை பாடம் முடியும்வரை அங்கேயே இருந்தது. ஈரம் இறங்கிய சுவரின் நிறத்தில், அசையாமல், தாழ்ப்பாளுக்கும் மேலே, ஆள் தலைக்கும் மேலே.

முக்காலி மேல் ஏறி நிற்கிறார்களோ என்று நினைத்துக்கொண்டாள். டியூஷன் நேரத்தில் முக்காலி மேல் ஏறி யார் நிற்பார்கள் என்றும் உடனே நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை சிறுமியின் அம்மாவுக்கு போன் செய்தாள். அம்மா ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். பின்னால் யாரோ இருமல் மருந்து கேட்பது கேட்டது.

"சாயங்கால வகுப்புக்குத் துணையா இருக்கறது யாரும்மா? விண்ணப்பத்துல நாத்தனார்னு போட்டிருக்கீங்க."

 அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மேடம், தயவு செஞ்சு கோச்சுக்காதீங்க. நாத்தனார் டியூஷன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஊருக்குப் போயிட்டாங்க. வீட்டுக்காரரும் வெளியூர்ல இருக்காரு. ஆள் இல்லைன்னு சொன்னா இடம் குடுக்க மாட்டீங்கன்னு சொல்லாம விட்டுட்டேன். வகுப்பு ஒழுங்காத்தானே நடந்துட்டு இருக்கு? நீங்கதான் பரவால்லன்னு விட்டுட்டீங்கன்னு நெனச்சேன்."

"அப்போ அந்த நேரத்துல வீட்டுல யாரு?"

"யாரும் இல்ல மேடம். குட்டி மட்டும்தான். வீட்டுக்குக் கீழ இருக்கற கடையும் பூட்டித்தான் கிடக்கு. மேல நாங்க மட்டும்தான்."

அவளுடைய காதோரம் சில்லென்றது. கோபமும் வந்தது. விதி எழுதினால் மீறுகிறார்கள், மீறியதை மறைக்கிறார்கள், மறைத்ததற்கு அவளையே காரணம் காட்டுகிறார்கள். கையைப் பற்றிச் சொன்னாள். அம்மா நம்பவில்லை. மகள் எதையாவது குச்சியில் மாட்டி வைத்திருப்பாள், சரியான வாலு அவள் என்றாள். ஆனாலும் அன்றிரவு வீடு முழுக்கத் தேடியிருக்கிறாள். பரண், கட்டிலடி, குளியலறை எல்லாம் பார்த்துவிட்டு மறுநாள் அவளே கூப்பிட்டாள். கீழே கடையின் பூட்டும் பூட்டினபடியே இருக்கிறதாம். மகளைக் கேட்டதற்கு, "நீ வேலைக்குப் போம்மா, நான் பாத்துக்கறேன்" என்றாளாம். "பெரிய மனுஷி மாதிரி பேசறா மேடம்" என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு சரியாக வரவில்லை.

பாதுகாப்பு அலுவலர் தலைமையாசிரியையிடம் போனாள். அந்தச் சிறுமியின் வகுப்பை உடனே நிறுத்த வேண்டும், போலீசில் சொல்ல வேண்டும் என்றாள். தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் வேலை நடக்காது என்று பள்ளிக்கே தெரியும்.

"கை வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு மேடம். அதுதானே பிரச்சினை."

"கை வந்தா பெரியவங்க இருக்காங்கன்னுதானே அர்த்தம்? நீங்க எழுதின விதிதானே? வராத வீட்டுக்கெல்லாம் என்ன செய்யறதுன்னு நான் மண்டையை உடைச்சுக்கறேன். வந்த வீட்டைப் பத்திப் புகார் சொல்றீங்க. மூணு வகுப்பு நின்னா அந்தப் பொண்ணோட டியூஷன் இடம் வேற பள்ளிக்குப் போயிடும். அந்தம்மா கண்ணைக் கசக்கிட்டு என்கிட்டதான் வந்து நிப்பாங்க."

"அந்த வீட்டுல யாருமே இல்லைன்னு அந்தம்மாவே சொல்றாங்க மேடம்."

"முதல்ல இருக்காங்கன்னு பொய் சொன்னவங்கதானே? இப்போ சொல்றது மட்டும் நிஜமா? சித்தப்பனோ மாமனோ வந்திருப்பான், சொல்ல முடியாம இருக்கும். விடுங்க."

டியூஷன் நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தாள். பாட்டு ஓடியது. ஒரு பெண் மிகுந்த மரியாதையுடன் புகாரைக் கேட்டுக்கொண்டு, புகாருக்கு ஒரு எண் கொடுத்தாள். மறுபடி அழைத்தபோது வேறொரு பெண் அதே மரியாதையுடன் அதே எண்ணைத் திருப்பிச் சொன்னாள். அதற்கு மேல் கிணற்றில் போட்ட கல்தான். செவிடன் காதில் சங்கு ஊதினால்கூட ஊதினவனுக்காவது சத்தம் கேட்கும். தான் ஊதுவது தனக்கே கேட்கவில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

கடைசியில் அம்மாவிடமே கெஞ்சினாள். அடுத்த வகுப்பு அன்று கடையில் எப்படியாவது அனுமதி வாங்கிக்கொண்டு, வகுப்பு தொடங்குவதற்குள் வீட்டில் இருக்கச் சொன்னாள். முதலாளி சிடுமூஞ்சி, ஆனாலும் வந்துவிடுகிறேன் என்றாள் அம்மா.

அந்த நாள் மாலை. பிள்ளைகள் போன பிறகு பள்ளிக்கு வரும் அமைதி ஒரு தினுசானது. பகலெல்லாம் கத்திய கட்டிடம் மூச்சை அடக்கிக்கொண்டு எதையோ ஒட்டுக்கேட்பது போலிருக்கும். கணினி அறையில் மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை முனகியது, சூடான பிளாஸ்டிக் வாடையும் நனைந்து காய்ந்த கால்மிதியின் வாடையும் கலந்து மூக்கில் ஏறின, வரிசையாக அணைந்து கிடந்த திரைகள் ஒவ்வொன்றிலும் ஜன்னலின் கடைசி வெளிச்சம் ஒரு சாம்பல் கட்டமாகத் தேங்கியிருந்தது. வகுப்பு தொடங்க நேரம் இருந்தது. அந்தச் சிறுமியின் முதல் நாள் பதிவை எடுத்து ஓடவிட்டாள். இதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்.

பதிவில் சிறுமி தனியாக உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டில் தலைமுடி கட்டும் மஞ்சள் வளையம். பின்னால் கட்டில், மடித்து வைத்த துணி, திறந்த கதவு, அதற்கு அப்பால் இருட்டு.

"வீட்டுல பெரியவங்க இருக்காங்களா?" என்று கேட்டார் வாத்தியார்.

"இல்ல சார். அம்மா கடைக்குப் போயிருக்காங்க."

வாத்தியார் தடுமாறினார். விதிகள் எழுதிய காகிதத்தைத் தேடி எடுத்து, அதில் எழுதியிருந்ததை வரி பிசகாமல் படித்தார். "பெரியவர் ஒருவரை அழைத்து, கதவருகே நிற்கச் சொல்லவும். யாராக இருந்தாலும் சரி. அவர் வந்த பிறகே வகுப்பு தொடங்கும்."

அவள் எழுதிய வரிகள். ஒரு மதியம், சாப்பாட்டு இடைவேளையில், அவசர அவசரமாக எழுதியது.

சிறுமி எழுந்து நடைக்குப் போனாள். காலி நாற்காலியும் இருட்டு வாசலும் மட்டும் திரையில் இருந்தன. உள்ளேயிருந்து அந்தப் பிஞ்சுக் குரல் கேட்டது. பயப்படாத குரல். பக்கத்து வீட்டில் எதையோ கடன் கேட்கப் போனவளின் குரல்.

"பெரியவங்க யாராவது இருக்கீங்களா? கொஞ்சம் வாங்களேன். யாரா இருந்தாலும் பரவால்லையாம்."

பதில் இல்லை. எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம். பிறகு அதுவும் நின்றது. சிறுமி திரும்பி வந்து உட்கார்ந்தாள். கண் பளபளத்தது.

"வந்துட்டாங்க சார்."

"கை காட்டச் சொல்லும்மா."

கை வந்தது. தரையை ஒட்டி வந்தது. தவழ்ந்து வந்த ஒன்று, நிலையின் அடிப்பாகத்தைப் பற்றிக்கொள்வது போல நாலு விரல். வாத்தியார் அதைப் பார்த்தாரோ இல்லையோ, பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டார்.

அவள் அடுத்த பதிவைத் திறந்தாள். கை முழங்கால் உயரத்தில் இருந்தது. அதற்கடுத்ததில் தாழ்ப்பாள் உயரத்தில். வகுப்புக்கு வகுப்பு மேலே ஏறியிருந்தது. எழுந்து நிற்கப் பழகுகிறது என்று அவளுக்குத் தோன்றியது.

அவளுடைய போன் அடித்தது. சிறுமியின் அம்மா.

"மேடம், பஸ் கிடைக்கல. இப்பத்தான் ஏறினேன். கொஞ்சம் லேட்டாகும்."

"சீக்கிரம் வாங்கம்மா. எறங்கினதும் கூப்பிடுங்க."

வகுப்பு தொடங்கிவிட்டது. பார்வையாளராக உள்ளே நுழைந்தாள். சிறுமி இருந்தாள். மஞ்சள் வளையம், கட்டில், மடித்த துணி. கையும் இருந்தது, நிலையின் உச்சியில், மேல்கட்டையைத் தொட்டுக்கொண்டு. கைக்குப் பின்னால் இருக்க வேண்டிய உடம்பு அந்த நடைக்குள் எப்படி நிற்கிறது என்று யோசிக்க அவள் மனம் மறுத்தது.

பார்வையாளர் பேச வேண்டுமென்றால் வாத்தியார் ஒலியைத் திறந்துவிட வேண்டும். இதுவும் அவள் விதிதான். எழுதி அனுப்பினாள். வாத்தியார் திறந்துவிட்டார்.

"குட்டி," என்றாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டாள். "பின்னாடி இருக்கறது யாரும்மா?"

"பெரியவங்க மிஸ்."

"யாரு அவங்க?"

சிறுமி திரும்பிப் பார்த்தாள். மேலே, வெகு மேலே. மறுபடி திரும்பிப் புன்னகைத்தாள். "பேர் சொல்லல மிஸ். ஆனா நல்லவங்க. தினமும் வாசல்லயே நிக்கறாங்க, பாவம். உள்ள வரவான்னு கேக்கறாங்க. மிஸ்ஸைக் கேட்டுட்டுச் சொல்றேன்னு சொன்னேன். வரலாமா மிஸ்?"

விசிறி முனகியது. ஒரு முறை. இன்னொரு முறை.

"வேண்டாம்," என்றாள். "வேண்டாம்னு சொல்லு. எந்திரிச்சுப் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடு. இப்பவே."

சிறுமி குழம்பினாள். இருந்தாலும் எழுந்தாள். சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளை. கதவை நோக்கி நடந்தாள்.

வாத்தியார் சிரித்தார்.

"மேடம், போன தடவை மாதிரி இந்தத் தடவை ஏமாற மாட்டேன். குட்டி, நீ வந்து உக்காரு. கதவு திறந்துதான் இருக்கணும். மேடம் நமக்குப் பரீட்சை வெக்கறாங்க."

"சார், பரீட்சை இல்ல. நிஜமாவே சொல்றேன். சார், கேளுங்க..."

"போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க மேடம்." மரியாதையாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அவளுடைய ஒலியை அணைத்தார். தன் முகத்தையும் மறைத்துவிட்டுப் பாடப் பக்கத்தைத் திரையில் போட்டார். பின்னங்கள்.

அவள் கத்தினாள். காலி அறையில் அவளுடைய குரல் அவளிடமே திரும்பி வந்தது. எழுதி அனுப்பினாள். அவர் பார்க்கவில்லை. அவர் எண்ணுக்கு அடித்தாள். அணைத்துவைக்கப்பட்டிருந்தது. எத்தனை முறை சொல்லியிருப்பாள், பாடம் நடக்கும்போது செல்போன் அணைந்திருக்க வேண்டும் என்று. இந்த ஒருவராவது கேட்காமல் இருந்திருக்கக் கூடாதா என்று அழுகையே வந்துவிட்டது. பயிருக்கென்று பார்த்துப் பார்த்துப் போட்ட வேலி.

திரையின் ஓரத்துச் சின்னக் கட்டத்தில் சிறுமி நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். வாசல் பக்கம் திரும்பினாள். மெதுவாக ஏதோ சொன்னாள். பாடத்தின் சத்தத்தில் கேட்கவில்லை. உதடு மட்டும் தெரிந்தது. வேண்டாம் என்றாளா? மிஸ் வைத்தது பரீட்சைதான், வரலாம் என்றாளா?

கை நிலையை விட்டது.

படம் உறைந்தது. சிறுமியின் பாதி திரும்பிய முகம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றது. வட்டம் ஒன்று சுற்றியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

போன் அடித்தது.

"மேடம், வந்துட்டேன். மாடிப்படி ஏறறேன்." மூச்சிரைத்தது. சாவியின் சத்தம். கதவு கிறீச்சிட்டது. "வீடே ஒரே இருட்டா இருக்கு. குட்டி... குட்டிம்மா..."

"அறைக்குப் போங்க. போனை வெக்காதீங்க."

வட்டம் நின்றது. படம் திரும்பி வந்தது.

நாற்காலி காலி.

கட்டில். மடித்த துணி. திறந்த கதவு. நிலையில் கை இல்லை. எதுவும் இல்லை. பிறகு வாசலில் ஓர் உருவம் வந்தது, விளக்கு எரிந்தது. அம்மாதான். கடைச் சீருடை. தோளில் பை. காதில் போன். அறை நடுவில் வந்து நின்று சுற்றிப் பார்த்தாள். குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தாள். கட்டிலடியில் பார்த்தாள்.

"இங்க இல்லையே மேடம்." திரையில் அம்மாவின் வாய் அசைந்தது. ஒரு நொடி முன்னதாகக் குரல் போனில் கேட்டது. "நாற்காலி சூடாத்தான் இருக்கு. செருப்பு ரெண்டும் இங்கதான் கிடக்கு. எங்க மேடம் போனா?"

இணைப்பு அறுந்து திரும்பினால் மறுபடி கேட்க வேண்டும். விதி. பின்னங்களின் பக்கத்துக்குப் பின்னாலிருந்து வாத்தியார் கேட்டார். அலுப்பான, பழகிய குரல்.

"லைன் கட்டாயிடுச்சு. திரும்ப ஒரு தடவை கேக்கறேன். வீட்டுல பெரியவங்க இருக்காங்களா? கை காட்டுங்க."

அம்மா திரையை நோக்கித் திரும்பினாள். கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

அவளுக்குப் பின்னால் கை வந்தது. நிலையின் உச்சியில். நாலு விரல்.

"மேடம்? பேசுங்க மேடம். ஏன் பேசாம இருக்கீங்க?"

போனைக் காதில் வைத்தபடியே அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 

அந்தக் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை மெல்ல நீண்டு நிலையைப் பிடித்தது. அதே உயரத்தில். மேல்கட்டையை ஒட்டி. எந்தப் பிள்ளைக்கும் எட்டாத இடத்தில்.

சின்னக் கை. மணிக்கட்டில் மஞ்சள் வளையம்.

கேட்டதற்குப் பதில் சொல்வது போல ஒரு முறை ஆடியது.

"சரிங்க," என்றார் வாத்தியார். பச்சை விளக்கு எரிந்தது. "ஆரம்பிக்கலாம்."